கை பழகுவது எங்கே?

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. புத்தாண்டு மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டுள்ளது.)



சென்ற மாதம் செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்து, "தம்பி, நீ மூளையைப் பற்றி ஏதோ வாசிச்சுக்கொண்டு திரியிறாயாம். அதை வந்து இருபது நிமிஷம் எங்களுக்குச் சொல்லு" என்றார். நான் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். ஊரிலே உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். வெட்டுப்புள்ளி என்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த காலம் படிக்கிற காலமாக இருக்கவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே ஒரு டொக்டர் வந்து பேசுவது போல எதிர்பார்க்க வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நூலகத்தில் எடுத்த புத்தகங்களை அகராதியோடு வைத்து வாசித்தவன் பேசுகிறான் என்று கேளுங்கள்.

வாசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அப்பா. இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருக்கிறது. கையை நீட்டி எடுக்கிறீர்கள். இந்தக் கட்டளை எங்கிருந்து புறப்படுகிறது? சின்னப் பிள்ளைகள் ஒரு காதிலிருந்து மற்றக் காது வரை தலையில் பட்டி போடுவார்களே, ஏறத்தாழ அந்தப் பட்டிக்குக் கீழே மூளையின் மேற்பட்டையில் ஒரு கீலம் இருக்கிறது. அங்குள்ள நரம்புக்கலங்கள் மின் கணத்தாக்கங்களை அனுப்புகின்றன. அவை முண்ணாண் வழியாக இறங்கிக் கைத் தசைக்குப் போகின்றன. போகிற வழியில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் மூளையின் இடப்பக்கம் பழுதானால் வலக்கை விழுகிறது. இவ்வளவும் எங்கள் உயர்தரப் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் கை எப்படி ஒரு வேலையைப் பழகுகிறது என்பது அதில் இருக்கவில்லை.

எங்கள் ஆட்களில் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறவர்கள் இங்கே ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். முதல் நாளை நினைத்துப் பாருங்கள். கார் முன்சில்லால் திரும்பும். போர்க்லிஃப்ற் பின்சில்லால் திரும்பும். காரோடின கை ஸ்ரியறிங்கைப் பிடித்ததும் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போய் பலட் அடுக்கில் இடிக்கப் பார்க்கும். விதி இன்னதென்று வாத்தியார் சொல்லித் தந்துவிட்டார், எங்களுக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் கை கேட்காது. இரண்டு மூன்று கிழமை போக, எப்போது பழகினோம் என்றே தெரியாமல் பழகிவிடுகிறது. விளங்குவது வேறு, பழகுவது வேறு. அந்த இரண்டு மூன்று கிழமைக்குள் தலைக்குள்ளே என்ன நடந்தது? இதுதான் கேள்வி.

இதை ஆராய்வதில் விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய தலையிடி இருந்தது. ஒரு கை அசைவதற்கு இலட்சக்கணக்கான நரம்புக்கலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மெல்லிய மின்வாய்களை மூளைக்குள் வைத்துக் கேட்டாலும் ஒரு நூறு கலங்களின் சத்தம் கேட்கும். நல்லூர்த் திருவிழாவில் ஒலிவாங்கியை நீட்டி இரண்டு பேருடைய குரலைப் பதிவு செய்துவிட்டு, தேர் ஏன் இந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லப் பார்ப்பது மாதிரி. அந்த இரண்டு பேரும் வடம் பிடித்தவர்களா, கச்சான் விற்றவர்களா என்பதே தெரியாது. அதற்கு மேல் தசை, மூட்டு, கையின் பாரம் எல்லாம் இடையில் இருக்கின்றன.

இந்த இடத்திலேதான் மூளை-கணினி இணைப்பு வருகிறது. தொலைக்காட்சியில் இதைக் காட்டும்போது, கைகால் வழங்காதவர் நினைப்பாலே கொம்பியூட்டரை இயக்குகிறார் என்று காட்டுவார்கள். அது உண்மை, பெரிய காரியம். ஆனால் ஆராய்ச்சிக்காரருக்கு அதிலே இன்னொரு பெறுமதி இருக்கிறது. எந்தெந்தக் கலங்களுக்கு வயர் போட்டிருக்கிறதோ, அந்தக் கலங்கள் மட்டுமே திரையில் உள்ள புள்ளியை நகர்த்துகின்றன. வேறு எதுவும் அதை நகர்த்த முடியாது. இந்தக் கலம் இவ்வளவு துடித்தால் புள்ளி இவ்வளவு வலப்பக்கம் போகும் என்ற விதியை எழுதுபவர் ஆராய்ச்சிக்காரர். வேண்டும்போது அந்த விதியை மாற்றிவிட்டு, மூளை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எங்கள் தொழிற்சாலையில் மெஷினின் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்த்தால்தான் எந்தப் பல்லுச்சில்லு எதைச் சுற்றுகிறது என்று தெரியும். அது போலத்தான் இதுவும்.

இது இன்று நேற்று வந்த யோசனையல்ல. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் சியாற்றில் நகரிலுள்ள வோஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் எபர்ஹார்ட் பெற்ஸ் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். குரங்கின் மூளையில் ஒரே ஒரு நரம்புக்கலத்தின் துடிப்பை எடுத்து ஒரு மீற்றர் முள்ளோடு தொடுத்தார். கலம் வேகமாகத் துடித்தால் முள் ஏறும். முள் போதிய அளவு ஏறினால் குரங்குக்குத் தீன் கிடைக்கும். முள்ளைப் பார்த்துப் பார்த்து அந்தக் குரங்கு, தன் தலைக்குள் இருக்கிற அந்த ஒரு கலத்தைத் தானே வேகமாக்கப் பழகிவிட்டது. கலம் என்றால் என்ன, மூளை என்றால் என்ன என்று அதற்கு என்ன தெரியும்? அது பார்த்தது முள்ளை மட்டுந்தான். தான் செய்ததன் பலன் உடனே கண்ணுக்குத் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. இந்த முள்ளை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து 1980களில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜோபுலோஸ் என்ற கிரேக்கரும் அவருடைய குழுவினரும், ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் விருப்பமான ஒரு திசை இருக்கிறது என்று கண்டார்கள். கை அந்தத் திசைக்குப் போகும்போது அந்தக் கலம் கூடத் துடிக்கும், எதிர்த்திசைக்குப் போகும்போது குறையத் துடிக்கும். தனியே ஒரு கலத்தை நம்பிக் கை எங்கே போகப்போகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பல கலங்களின் வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் திசை வந்துவிடுகிறது. எங்கள் சங்கத் தேர்தலைவிட ஒழுங்காக நடக்கிற தேர்தல் அது (தலைவர் மன்னிக்கவேண்டும்). மூளையின் துடிப்பைப் படித்துப் புள்ளியை நகர்த்துகிற இயந்திரங்களுக்கெல்லாம் இந்தக் கணக்குத்தான் அத்திவாரமாக அமைந்தது.

இனி நான் மிகவும் விரும்பி வாசித்த சோதனைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரில் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சாட்லர், பற்றிஸ்ரா, யூ, சேஸ் முதலானவர்கள் வெளியிட்டது. குரங்கின் மூளையில் சுமார் 90 இடங்களிலிருந்து துடிப்பை எடுத்தார்கள். குரங்கு கையை அசைக்காமலே திரையில் உள்ள புள்ளியை நகர்த்தப் பழகியிருந்தது. இந்தக் கலங்களைக் கவனித்தபோது ஒன்று தெரிந்தது. அவை ஒவ்வொன்றும் தன் எண்ணப்படி துடிப்பதில்லை. இது கூடினால் அது கூடும், இது குறைந்தால் அது கூடும் என்று அவற்றுக்குள் பழைய பழக்கங்கள் இருக்கின்றன. பல வருடம் ஒன்றாக வாசித்த நாதஸ்வர தவில் கோஷ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தாலே தவில்காரருக்கு அடுத்தது என்னவென்று தெரியும்.

இப்போது ஆராய்ச்சிக்காரர் விதியை மாற்றினார்கள், இரண்டு விதமாக. ஒரு வகை மாற்றத்தில், கலங்கள் தங்களுக்குள் ஏற்கெனவே உள்ள பழக்கங்களை விட்டு விலகாமலே புதிய விதிக்கு ஏற்ப வேலை செய்யலாம். எந்தப் பழக்கத்தை எந்த நேரம் எடுப்பது என்பதை மட்டும் மாற்றினால் போதும். கோஷ்டிக்குத் தெரிந்த இராகத்தில் புதிதாக ஒரு உருப்படியைக் கொடுப்பது போல. மற்ற வகை மாற்றத்தில், அந்தப் பழக்கங்களையே உடைத்து, இதுவரை ஒன்றாகச் செய்யாததைச் செய்யவேண்டும். முதலாவது வகையைக் குரங்கு அன்றைக்கே சில மணித்தியாலத்தில் பழகிக்கொண்டது. இரண்டாவது வகை அன்றைக்குப் பெரும்பாலும் சரிவரவில்லை. இரண்டுக்கும் குரங்கு ஒன்று, தீன் ஒன்று, முயற்சியும் ஒன்றுதான். வித்தியாசம், கேட்கப்பட்ட வேலை பழைய தடத்துக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா என்பதில்.

அப்படியானால் வெளியே உள்ளதைப் பழகவே முடியாதா? அதே குழுவினர் 2019இல் அடுத்த பதிலைச் சொன்னார்கள். ஒரே நாளில் முழுவதையும் கேட்காமல், படிப்படியாக, பல நாட்கள் பயிற்சி கொடுத்தபோது குரங்கு அதையும் பழகியது. அப்போது கலங்களுக்குள் முன்பு காணாத புதிய துடிப்பு முறைகள் உண்டாகியிருந்தன. பழைய தடத்தை எடுத்துப் பாவிக்க மணித்தியாலங்கள் போதும், புதுத் தடம் வெட்டக் கிழமைகள் வேண்டும். எங்களுடைய சனம் ஒரு பிள்ளைக்கு வயலினோ வாய்ப்பாடோ இரண்டு நாளில் வரவில்லை என்றால் "உதுக்கு மண்டையில ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடும். மண்டையில் இருக்கிற தடங்கள் எவை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். 2009இல் கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கருணேஷ் கங்குலி, ஹோசே கார்மெனா என்ற இருவர் விதியை மாற்றாமல், அதே கலங்களையே நாளாந்தம் பயன்படுத்திப் பார்த்தார்கள். நாட்கள் போகப்போக மூளைக்குள் அந்த வேலைக்கென்று ஒரு நிலையான வரைபடம் உருவானது. மறுநாள் காலையில் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை, அந்த வரைபடம் உடனே எழும்பிவிடும். இரண்டாவது விதி ஒன்றைப் பழக்கியபோதும் முதலாவது அழியவில்லை. நாங்கள் போர்க்லிஃப்ற்றை விட்டு இறங்கிக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம், ஒன்று மற்றதைக் குழப்புவதில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனவர் மாமாவின் சைக்கிளில் ஏறியதும் ஓடுகிறதும் இந்தக் கணக்குத்தான்.

சரி, குரங்குக் கதை போதும். மனிதருக்கு வருவோம்.

மசாசூசெற்ஸில் மத்தியூ நேகிள் என்ற இளைஞருக்கு 2001இல் கத்திக் குத்தில் கழுத்து முண்ணாண் அறுந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. 2004இல் அவருடைய மூளையில் 96 மின்வாய்கள் கொண்ட ஒரு சிறிய தட்டைப் பதித்தார்கள். சதுரமாக 4 மில்லிமீற்றர், ஒரு உளுந்தம்பருப்பு அளவு. கேள்வி இதுதான்: மூன்று வருடமாகக் கைக்கு ஒரு கட்டளையும் போய்ச் சேரவில்லை, கட்டளை கொடுக்கிற இடம் இன்னும் வேலை செய்யுமா, அல்லது பூட்டிக் கிடக்குமா? கையை அசைக்க நினையுங்கள் என்றார்கள். கலங்கள் துடித்தன. அவர் அந்தத் துடிப்பால் திரையில் புள்ளியை நகர்த்தினார், மின்னஞ்சலைத் திறந்தார், ரீவியை இயக்கினார், செயற்கைக் கையொன்றைத் திறந்து மூடினார். 2006இல் இது நேச்சர் என்ற விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளிவந்தது. அவர் அடுத்த வருடம் இறந்துபோனார்.

2021இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். பத்து வருடத்துக்கு மேலாகக் கை வழங்காத ஒருவரிடம், பேனை பிடித்து எழுதுவதாக நினைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அவருடைய மூளையில் தனித்தனியான துடிப்பு வந்தது. அதை இயந்திரம் படித்து நிமிடத்துக்கு 90 எழுத்துகள் வரை திரையில் போட்டது. பள்ளிக்கூடத்தில் பழகிய எழுத்து, கை போன பிறகும் தலைக்குள்ளே இருந்தது. இந்த வேலையை வழிநடத்தியவர்களில் ஒருவர் கிருஷ்ணா ஷெனோய் என்ற இந்திய வம்சாவளிப் பேராசிரியர். 2023 தை மாதம் காலமானார்.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கைகால் இழந்த எங்கள் ஆட்கள். என்னுடைய ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் மிதிவெடியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இல்லாத காலிலே பெருவிரல் கடிக்கிறது, பாதம் மடங்கிப்போய் நிற்கிறது, நிமிர்த்த முடியவில்லை என்று இரவில் அழுவார். வீட்டிலே சிலர் பிரமை என்றார்கள், ஒரு கிழவி நூல் கட்டச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தில் அவருக்கு நல்ல செயற்கைக் கால் கிடைத்தது, நடந்தார், சைக்கிள் ஓடினார். ஆனால் இல்லாத காலின் நோவு போகவில்லை. அது பிரமையல்ல. கால் போனாலும் மூளையிலே காலுக்குரிய இடம் போகவில்லை.

இதைப் பற்றி உலகத்துக்கு விளங்கச் சொன்னவர் ஒரு தமிழர். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா சான்டியாகோவில் பேராசிரியராக இருந்த வி. எஸ். இராமச்சந்திரன். 1990களின் நடுப்பகுதியில் அவர் செய்த உபகரணம் என்ன தெரியுமா? ஒரு பெட்டி, நடுவிலே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைத்தால், இல்லாத கை அசைவது போலத் தெரியும். மடங்கி இறுகிக் கிடந்த இல்லாத கை நிமிர்ந்ததாகப் பலர் சொன்னார்கள். சிலருக்கு நோவும் குறைந்தது. மின்வாயும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. கட்டளை போகிறது, பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பெற்ஸின் குரங்குக்கு முள் செய்ததை இங்கே கண்ணாடி செய்தது. பிறகு பாரிசவாதம் வந்தவர்களுக்கும் பிசியோக்காரர் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

பாரிசவாதம் என்றதும் ஓக்லாந்துக்கே வந்துவிடலாம். இங்கே ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கதி ஸ்ரினியர், வின்ஸ்ரன் பைப்ளோ என்ற இரண்டு பேராசிரியர்களின் குழு, பாரிசவாதம் வந்தவருக்குக் கை எவ்வளவு திரும்பும் என்று முதல் கிழமையிலேயே சொல்லும் ஒரு முறையை உருவாக்கியது. 2012இல் முதல் வடிவம், 2017இல் திருத்திய வடிவம். உலகத்தில் பல இடங்களில் எடுத்துப் பேசப்படுகிற வேலை, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலே போகிற தூரத்தில் நடந்திருக்கிறது.

முதலில் மூன்றாம் நாள் இரண்டே இரண்டு அசைவுகளைப் பார்க்கிறார்கள். தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடிகிறதா, விரல்களை நீட்ட முடிகிறதா என்று. ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, மொத்தம் 10. 5 அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல நம்பிக்கை. குறைவாக இருந்தால் காந்தத் தூண்டல் என்ற சோதனை. இங்கிலாந்தில் செவ்பீல்ட் நகரில் 1985இல் செய்து காட்டப்பட்ட முறை அது. தலைக்கு மேலே வெளியில் ஒரு சுருளை வைத்து ஒரு காந்தத் துடிப்புக் கொடுப்பார்கள். வெட்டுக் கொத்து ஒன்றும் இல்லை. அந்தத் துடிப்பினால் நோயாளியின் கைத் தசை சற்றே துடித்தால், மூளையிலிருந்து கைக்குப் போகிற பாதை இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் படுத்திருந்தாலும் பாதை இருக்கலாம். நூறு பேரில் சுமார் 75 பேருக்கு இந்த முறை சொன்னது சரிவந்தது. பாதை இருக்கிறவருக்கு அந்தக் கையைக் கடுமையாகப் பழக்குவது, இல்லாதவருக்கு மற்றக் கையால் வாழ்க்கையை நடத்தப் பழக்குவது என்று பிசியோவை அதற்கேற்றபடி திட்டமிட்டார்கள். அப்படிச் செய்ததில் நோயாளிகள் வைத்தியசாலையில் தங்கும் காலம் சராசரியாக ஒரு கிழமை குறைந்தது.

அப்பா இருந்தது வேறு வைத்தியசாலை. அவருக்கு இந்தக் காந்தச் சோதனை நடக்கவில்லை, ஆனால் விரல் கொஞ்சம் நீண்டது. பிசியோப் பிள்ளை வந்து ஒரு மென்பந்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு இத்தனை தரம் அமத்துங்கோ என்று ஆங்கிலத்தில் சொன்னது. அப்பா "யெஸ், யெஸ்" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று கிழமை பந்தை அமத்தினார். பிறகு விட்டுவிட்டார். "அறுபத்தெட்டு வயசாச்சு. இனி என்ன பழகிறது" என்றார். நான் சொன்னால் கோபம். ஆகக் கவலை என்னவென்றால், சாப்பாடு. வலக்கையால் பிசைந்து சாப்பிட்ட மனுஷன், ஆட்களுக்கு முன்னால் இடக்கையால் சாப்பிடமாட்டேன் என்று கலியாணவீடு, கோயில், இந்தச் சங்க ஒன்றுகூடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கை வழங்காததைவிட அதுதான் அவரைச் சுருக்கியது.

நான் பெற்ஸைப் பற்றி வாசித்தது அந்த நாட்களிலே. பந்தை அமத்தினால் என்ன தெரியும்? பந்து பந்தாகத்தான் இருக்கும். முள் ஏறவில்லை. பிசியோவைக் கேட்டு, அவ சம்மதித்த பிறகு, பந்தை மாற்றினோம். ஒரு கிண்ணத்தில் கடலை, பக்கத்தில் வெறுங்கிண்ணம். இரண்டு நிமிடத்தில் எத்தனை கடலையை வலக்கையால் மாற்றலாம் என்று எண்ணிக் கலண்டரில் எழுதுவது. முதல் நாள் மூன்று. அடுத்த கிழமை ஐந்து, ஒரு நாள் இரண்டு, பிறகு ஏழு. அப்பா ஊரிலே தபாற் கந்தோரில் வேலை செய்தவர், கணக்கு என்றால் விடமாட்டார். நான் வேலையால் வரும்போது கதவடியிலேயே எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கினார். பதினொன்றில் இரண்டு மாதம் நின்றது. அந்த இரண்டு மாதத்தையும் தாண்ட எனக்கு உதவியது பிற்ஸ்பேர்க் குரங்குதான்: ஒரு நாளில் வராதது பல நாளில் வரும், படியைச் சின்னதாக்கவேண்டும். கடலையை விட்டுப் பெரிய போஞ்சி விதைக்கு மாறினோம், பிறகு திரும்பக் கடலைக்கு வந்தோம்.

இன்றைக்கு அவர் வலக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். சோறு பிசைய இன்னும் வரவில்லை. வரும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பாதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதற்குள்ளேதான் பழக்கம். அவர் இன்று பின்வரிசையில் இருக்கிறார், திரும்பிப் பார்த்து அவரைக் கூச்சப்படுத்த வேண்டாம்.

இளம்பிள்ளைகள் யூரியூப்பில் பார்த்துவிட்டு, "அண்ணா, ஈலோன் மஸ்க்கின்ரை சிப்பை வைச்சால் சரிதானே" என்று கேட்கிறீர்கள். அந்த நியூராலிங் நிறுவனம் 2024 தை மாதம் முதலாவது மனிதருக்குப் பதித்தது. அவர் முண்ணாண் பழுதானவர், நினைப்பாலே சதுரங்கம் விளையாடிக் காட்டினார். சில கிழமைக்குள் பதித்த மெல்லிய இழைகளில் பல மூளையிலிருந்து விலகி வந்ததும் நடந்தது. இருந்தாலும் அது கை வழங்காதவருக்குக் கொம்பியூட்டரை இயக்கக் கொடுக்கிற கருவி. கையைத் திரும்பப் பழக்குகிற கருவி வேறு. அமெரிக்காவில் 2021இல் அனுமதி பெற்ற ஒன்று இருக்கிறது. தலையில் தொப்பி மாதிரிப் போட்டு, மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையின் மின்னலைகளைப் படிக்கும். நோயாளி கையைத் திறக்க நினைத்ததும், கையில் மாட்டிய இயந்திரம் விரல்களைத் திறந்து விடும். நினைத்தேன், திறந்தது என்று மூளைக்குச் செய்தி போகிறது. திரும்பவும் அதே முள்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்ற பெயரில் கைப் பயிற்சி இயந்திரம் ஒன்றைச் செய்திருக்கின்றன. அது மூளையைப் படிப்பதில்லை. ஆனால் கை அசைகிற ஒவ்வொரு கொஞ்சத்தையும் திரையிலே ஒரு விளையாட்டாகக் காட்டும். எங்கள் நாடுகளில் அப்படியானதுதான் முதலில் ஏழைகளுக்குப் போய்ச் சேரும் என்பது என்னுடைய எண்ணம்.

உரை முடிந்த பிறகு கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளையும் மலரில் சேர்க்கும்படி செயலாளர் அண்ணை சொன்னார்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒன்று எழும்பி, "குரங்குக்கு நோகாதா?" என்று கேட்டது. மயக்க மருந்து கொடுத்துத்தான் மின்வாய் பதிக்கிறார்கள், மூளைக்கே நோவை உணரும் நரம்பு இல்லை, பல்கலைக்கழகங்களில் இதைக் கண்காணிக்கக் குழுக்கள் உண்டு என்றேன். ஆனால் அந்தக் குரங்கு தானாக வந்து கதிரையில் இருக்கவில்லை. இப்படியான சோதனை கூடாது என்று சொல்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர், அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. மத்தியூ நேகிள் மின்னஞ்சலைத் திறந்ததும் அந்தக் குரங்குகளால்தான். இரண்டையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அது சமாதானப்படவில்லை.

மற்றது ஒரு அம்மா கேட்டது. "தம்பி, எங்கடை இவருக்கு நாலு வருஷமாச்சு. இனிப் பிரயோசனம் இருக்கோ?" முதல் மூன்று மாதம்தான் கை ஆக வேகமாகத் திரும்பும் காலம், அது உண்மை. அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் பழகுகிற தன்மை நின்றுபோவதில்லை. குடும்ப டொக்டரிடம் போய், பிசியோவுக்குத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் அம்மா. போகும்போது மகனையோ பேத்தியையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். நியூசிலாந்தில் 1996இலிருந்து நோயாளர் உரிமைகள் பற்றிய கோவை ஒன்று சட்டமாக இருக்கிறது. விளங்குகிற மொழியில் சொல்லப்படவேண்டும், தேவையானால் இயலுமானவரை தகுதியான மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அதிலே ஐந்தாவது உரிமை. நேரம் பதியும்போதே "தமிழ் இன்ரர்பிறெற்றர்" என்று கேளுங்கள். உள்ளே போனதும் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த அசைவைப் பழக்கவேண்டும், நாளுக்கு எத்தனை தரம், முன்னேறுகிறது என்பதை வீட்டில் எதை வைத்து அளப்பது. மூன்றாவதற்கு அவர்கள் யோசித்தால், கடலைக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.